லித்தாட்டமி பொசிஷனில் கால் இறக்குவது பற்றி

ஆபரேஷன் தியேட்டர் பயிற்சியில், லித்தாட்டமியிலிருந்து (நோயாளியை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு காலையும் தூக்கி விரித்துத் தாங்கிகளில் வைக்கும் நிலை) ஒரு காலை மட்டும் முதலில் இறக்கியதற்கு சிஸ்டர் ஏன் சத்தம் போட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் சொன்னது சரிதான். மயக்கத்தில் தசை தளர்ந்து கிடக்கும்போது ஒரு கால் மட்டும் இறங்கினால் இடுப்பும் கீழ்முதுகும் முறுக்கிக்கொள்ளும், வலிக்கிறது என்று சொல்ல நோயாளியால் முடியாது. அதனால் இரண்டு பேர் நின்று, இரண்டு காலையும் சேர்த்து மெதுவாக இறக்க வேண்டும்; சட்டென்று இறக்கினால் ரத்தம் கால்களுக்குப் போய் பிரஷர் விழும், ஆகவே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் காலைத் தொடவே வேண்டும்.

அப்புறம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் ஃபிபுலாவின் (கீழ்க்காலின் வெளிப்பக்க எலும்பு) தலை கைக்குத் தட்டுப்படும், அங்கே ஸ்டிரப் (காலைத் தாங்கும் தாங்கி) அழுத்தவே கூடாது. நரம்பு தோலுக்கு அடியிலேயே ஓடுகிறது, நசுங்கினால் விழித்த பிறகு பாதத்தைத் தூக்க முடியாமல் போகலாம். பேட் வைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். மேசையின் கால்பகுதியை நிமிர்த்தும் முன் நோயாளியின் கைவிரல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள், இடுக்கில் சிக்கினால் நசுங்கிவிடும், தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

சிறுநீரக அறுவைக்குப் பக்கவாட்டில் படுக்க வைக்கும்போது, தாங்கலுக்கு வைக்கும் ரோலை (துணிச் சுருள்) அக்குளுக்குள் திணிக்க வேண்டாம், சற்றுக் கீழே மார்புக்கூட்டின் அடியில் வையுங்கள், இல்லையென்றால் கைக்குப் போகும் நரம்புகள் நசுங்கும்.