செப்டம்பரில் ஒதுங்கிக்கொள்ளலாமா?

வணக்கம் சார்,

கடந்த 10 வருடப் பங்குச்சந்தைக் குறியீட்டை எக்செல்லில் போட்டு மாதவாரியாகப் பார்த்தேன். செப்டம்பரில் மட்டும் 7 முறை இறங்கியிருக்கிறது. ஆகஸ்ட் கடைசியில் எல்லாவற்றையும் விற்றுவிட்டு அக்டோபரில் திரும்ப வாங்கினால் என்ன? ஜனவரியில் சின்னப் பங்குகள் ஏறும், மே வந்தால் விற்றுவிடு என்றெல்லாம் சொல்கிறார்களே, அதில் உண்மை உண்டா, இல்லை எல்லாமே ஜோசியம்தானா?

க.

அன்புள்ள க.,

முழுக்க ஜோசியம் என்று தள்ளிவிட முடியாது. 1976-இல் ரோசெஃப், கின்னி என்ற இருவர் 1904 முதல் 1974 வரை நியூயார்க் சந்தையை அலசியபோது, ஜனவரியின் சராசரி ஆதாயம் ஏறக்குறைய 3.5%, மற்ற மாதங்களுக்கு 0.5% என்று வந்தது. பெரிய கம்பெனிக்கும் சின்னக் கம்பெனிக்கும் ஒரே எடை கொடுத்துப் போட்ட கணக்கு அது, அதனால் சின்னப் பங்குகளின் ஆட்டம் அதில் தூக்கலாகத் தெரியும். வரிக்கணக்கில் நஷ்டம் காட்டுவதற்காக டிசம்பரில் விற்பவர்கள் ஜனவரியில் திரும்ப வாங்குகிறார்கள் என்று பலர் காரணமும் சொன்னார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் வரி வருடம் ஜூனோடு முடிகிறது. அங்கே ஜூலையிலும் ஏற்றம் இருந்தது, ஜனவரியிலும் இருந்தது! வரி ஒரு காரணம், அதுவே முழுக் காரணம் இல்லை. அப்புறம், விஷயம் ஊருக்கே தெரிந்துவிட்டால் ஜனவரிக்காக யார் காத்திருப்பார்கள், டிசம்பரிலேயே வாங்கிவிட மாட்டார்களா?

மே சமாச்சாரம் இதைவிட விடாப்பிடியானது. பௌமன், யாகோப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2002-இல் 37 நாடுகளின் சந்தைகளைப் பார்த்தார்கள். 36-இல் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பாதிதான் மேலே இருந்தது. ஏன் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை இன்றுவரை இல்லை. ஆனால் மற்ற ஆறு மாதங்களில் ஆதாயம் குறைவு என்றால் நஷ்டம் என்று அர்த்தமில்லை. விற்று வாங்கும்போது தரகு போகிறது, லாபத்துக்கு வரி போகிறது, நடுவில் கம்பெனி பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிவிடெண்டும் போகிறது.

சரி, உங்கள் செப்டம்பர். அமெரிக்கச் சந்தையின் நீண்டகாலச் சராசரியிலும் மோசமான மாதம் அதுதான். 1929, 1987 சரிவுகளால் கெட்ட பெயர் மட்டும் அக்டோபருக்கு! ஆனால் உங்களிடம் இருப்பது வெறும் 10 செப்டம்பர்கள். ஒருவர் 10 தடவை நாணயம் சுண்டினால் 7 அல்லது அதற்கு மேல் பூ விழ 17% வாய்ப்புதான். அதையே 12 பேர் ஆளுக்குப் 10 தடவை சுண்டினால், அவர்களில் ஒருவருக்காவது அப்படி விழ சுமார் 90% வாய்ப்பு. நீங்கள் 12 மாதங்களையும் பார்த்துவிட்டு, அதிகம் இறங்கியதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அது மார்ச்சாக இருந்திருந்தால் மார்ச்சைப் பற்றி எழுதியிருப்பீர்கள்.

நான் மட்டும் என்ன, திங்கட்கிழமை சந்தை இறங்கும் என்று படித்துவிட்டு ஒரு காலத்தில் திங்களில் வாங்கி வெள்ளியில் விற்றவன்தான். தவறாமல் ஏறியது என் தரகு பில் மட்டும்.

அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதற்கு முந்தைய 10 வருடங்களையும் அதே மாதிரி போட்டுப் பாருங்கள், பிறகு மிக மோசமான ஒரே ஒரு செப்டம்பரை மட்டும் நீக்கிவிட்டுச் சராசரியை மறுபடி எடுங்கள். என்ன வந்தது என்று எழுதுங்கள்.