பின் புத்தி – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பள்ளியில் பத்துப் பழமொழிகள் எழுதிவரச் சொன்னார்கள். ‘பெண் புத்தி பின் புத்தி’ என்பதையும் எழுதியிருந்தாள். அடித்துவிடச் சொன்னேன். என் கணவரோ, பின்னால் வருவதை அறியும் புத்தி என்பதே அதன் உண்மைப் பொருள் என்கிறார். ‘தையல் சொல் கேளேல்’ என்ற ஔவையே பெண்தானே என்றும் கேட்கிறார். இவற்றைப் பாடத்திலிருந்தே நீக்கிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

நீக்குவதா வேண்டாமா என்பதைப் பாடநூல் எழுதுகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஔவை பெண் என்பதும் ஒரு பதில் ஆகாது; மாமியாரும் பெண்தான். அந்த ‘உண்மைப் பொருள்’தான் என்னைக் கொஞ்ச காலமாகவே உறுத்திக்கொண்டிருக்கிறது.

வாட்ஸப்பில் இப்படி ஓயாமல் வருகின்றன. ‘கல்லானாலும் கணவன்’ என்றால் கல்வியில்லாதவன் ஆனாலும் என்று பொருளாம். எதற்கு இந்தச் சலவை? ஒரு பெண் ‘அந்த நிலத்தை விற்க வேண்டாம்’ என்று வாயெடுக்கும்போதுதான் ‘பெண் புத்தி பின் புத்தி’ வந்து விழும். அவளைப் பாராட்டவா சொன்னார்கள்? தலைமுறை தலைமுறையாக அதைக் கேட்டு வாயடைத்துப் போனவர்களிடம், உங்களைப் புகழ்ந்துதான் சொன்னோம், உங்களுக்குத்தான் விளங்கவில்லை என்று இன்று சொல்வது முதல் அவமானத்தைவிடக் கொடியது. அதைப் படித்தவர்களே செய்கிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

என் பெரியம்மா, கல்யாணமாகிப் போகும் பெண்களைத் தனியே கூப்பிட்டு, ‘கொண்டவன் துணையிருந்தால் கூரையேறிச் சண்டை போடலாம்டி’ என்பார். ஆண்கள் இருக்கும்போது சொல்லி நான் கேட்டதில்லை. சிறுவயதில் அதைப் புருஷனின் பெருமை என்றே நினைத்திருந்தேன். பெரியப்பா ஒருநாளும் அவர் பக்கம் பேசியதில்லை என்பது தெரிந்த பிறகுதான், புகுந்த வீட்டில் ஒருத்திக்குச் சொந்த பலம் என்று எதுவும் கிடையாது, புருஷனை முதலில் உன் பக்கம் வைத்துக்கொள் என்று அவர் எச்சரித்திருக்கிறார் என்பது விளங்கியது. ‘மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்’ என்பதை மட்டும் ஓர் ஆணா சொல்லியிருப்பான்? குடம் உடைந்து ஏச்சு வாங்கியவளின் பேச்சு அது.

பெர்சிவல் பாதிரியார் தொகுத்த தமிழ்ப் பழமொழி நூலின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் 6,000க்கும் மேற்பட்ட பழமொழிகள் அகரவரிசையில் நிற்கின்றன. பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் அப்படி அடுக்கியதில் யார் யாரிடம் சொன்னது என்பது உதிர்ந்துபோயிற்று. அடக்கியவன் சொன்னதும் அடங்கியவள் முனகியதும் ஒரே பக்கத்தில் ‘முன்னோர் வாக்கு’ ஆகிவிட்டன. பள்ளிக்கூடங்களிலும் நாம் அப்படியேதான் சொல்லித்தருகிறோம்.

அந்தப் பழமொழியை அடித்துவிடும்படி மகளிடம் சொன்னீர்களே, அது எனக்கு வருத்தம்தான். குழந்தை கேட்டதை எழுதியிருக்கிறாள். எழுதட்டும். பக்கத்திலேயே யார், யாரிடம், எப்போது சொல்வார்கள் என்பதையும் எழுதட்டும். உங்கள் அம்மாவிடமும் மாமியாரிடமும் கேட்டால் பத்தோடு நிற்காது.

உங்கள் கணவரிடம் ஒன்று கேளுங்கள். அந்தப் பழமொழியை அவர் காதால் கேட்ட ஒரு தருணத்தைச் சொல்லட்டும். அதில் ஒரு பெண் பாராட்டப்பட்டிருந்தால் எனக்கு எழுதுங்கள்.