மிச்ச உலோகத்தில் வார்த்த கேப் வாய்க்கு ஆகுமா?

கேள்வி: வேர் சிகிச்சை முடிந்த கடைவாய்ப் பல்லுக்கு, உள்ளே உலோகமும் மேலே செராமிக்கும் உள்ள கேப் போடப் போகிறேன். டென்டல் லேபில் வேலை பார்க்கும் உறவினர், ‘மிச்ச உலோகத்தை மறுபடி உருக்கித்தான் செய்வோம்’ என்கிறார். யார் வாயிலோ இருந்து எடுத்ததா? பயமாக இருக்கிறது.

பதில்: யார் வாயிலிருந்தும் எடுத்ததல்ல. கேப்பை வார்க்கும்போது அச்சின் வாயிலும் வழியிலும் உலோகம் உறைந்து நிற்கும். அதை வெட்டி எடுத்து அடுத்த வார்ப்பில் போடுகிறார்கள். லேபில் அதற்கு ‘பட்டன்’ என்று பெயர். இப்படிப்பட்ட கேப்புக்குப் பெரும்பாலும் எடுக்கும் நிக்கல்-குரோமியம் கலவை உருக 1,200 டிகிரிக்கு மேல் வேண்டும். எந்தக் கிருமியும் அதில் தப்பாது. தொற்று பயத்தை விட்டுவிடுங்கள்.

கவலைப்பட வேண்டியது கலவையின் தரம் பற்றி. எச்சில் அரிக்காதபடி உலோகத்தைக் காப்பது குரோமியம் உண்டாக்கும் மெல்லிய படலம். திரும்பத் திரும்ப உருக்கினால் சிறு அளவில் சேர்த்த சிலிக்கான், மாங்கனீசு போன்றவை எரிந்து குறைகின்றன. அச்சு மண்ணும் துருவும் கலக்கின்றன. படலம் பலவீனமாகி நிக்கல் கசிவது கூடும். செராமிக்கின் பிடிப்பும் தளரலாம். பாதி புது உலோகம் சேர்த்தால் போதும் என்பது லேப் வழக்கம். என் கருத்து: புது உலோகமே கேளுங்கள். நீங்கள் கட்டும் தொகையில் உலோகத்தின் விலை சிறு பங்குதான்.

பெரிய ஆபத்து வேறு. பல கம்பெனிகளின் பட்டன்களை ஒரே டப்பாவில் போட்டு உருக்கும் லேப்கள் உண்டு. கமிஷனுக்கு வேலை பிடிக்கும் ஏஜென்ட், மருத்துவருக்கே தெரியாமல் உங்கள் கேப்பை அப்படி ஒரு லேபுக்குத் தள்ளிவிடலாம். கையில் தரும் வாரண்டி கார்டில் வருடக் கணக்கு இருக்கும், உலோகத்தின் பெயர் பல நேரம் இருக்காது. அதை நம்பாதீர்கள். கலவையின் பெயரையும் தயாரிப்புத் தொகுதி (batch) எண்ணையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளிருப்பதை அச்சிடுகிறார்கள். பல வருடம் வாயில் கிடக்கும் பொருளில் என்ன இருக்கிறது என்று நோயாளிக்குப் பல இடங்களில் யாரும் சொல்வதில்லை. இது மாற வேண்டும்.

பெரிலியம் என்ற நச்சு உலோகம் இல்லாத கலவைதானா என்றும் கேளுங்கள். பல் உலோகங்களுக்கான சர்வதேசத் தரவிதி ஐ.எஸ்.ஓ. 22674 பெரிலியத்தை 0.02 சதவீதத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. அதன் தூள் முதலில் கெடுப்பது, ராவித் தேய்க்கும் உங்கள் உறவினரின் நுரையீரலை. அவரிடமும் சொல்லுங்கள்.

கவரிங் கம்மல் போட்டால் காது அரித்துப் புண்ணாகுமா? ஜீன்ஸ் பட்டன் படும் இடத்தில் வயிறு தடிக்குமா? அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். அப்படியானால் மேலே சொன்ன எதுவும் உங்களுக்குப் போதாது. புதியதோ பழையதோ, நிக்கல் உள்ள எந்தக் கலவையும் வேண்டாம். சின்ன வயதில் ஒத்துக்கொண்டதே என்று சமாதானம் சொல்லாதீர்கள். ஒவ்வாமை எந்த வயதிலும் வரலாம், வந்தால் பெரும்பாலும் போவதில்லை. சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (patch test) செய்துகொள்ளுங்கள்: நிக்கல் தடவிய சிறு பட்டையை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, ஓரிரு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள். இரண்டாம் முறை போகாமல் விடாதீர்கள். சிலருக்கு அப்போதுதான் தடிப்புத் தெரியும். நிக்கல் ஆகாது என்று வந்தால் உலோகமில்லாத செராமிக் வகையான சிர்கோனியா கேப் போடலாம். பல்லைச் செதுக்கும் அளவு பொருளுக்குப் பொருள் மாறும் என்பதால், செதுக்கத் தொடங்குமுன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.