குழந்தைக்கு ஞானஸ்நானம்: சிலர் கொடுக்கிறார்கள், சிலர் மறுக்கிறார்கள், ஏன்?

காரைக்குடியிலேயே ஒரு சபையில் கைக்குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுவார்கள், இன்னொன்றில் வளர்ந்தவர்களை மட்டும் முக்கி எடுப்பார்கள். ஞானஸ்நானம் என்பது தண்ணீரால் ஒருவரைக் கிறிஸ்துவின் சபையில் சேர்க்கும் சடங்கு. கத்தோலிக்கருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) காரர்களுக்கும் அது கடவுள் தரும் அருள். அதைப் பெறக் குழந்தைக்கு விவரம் தெரிய வேண்டியதில்லை. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபையாருக்கோ விசுவாசித்தவர் தானே சொல்லும் சாட்சி.

நம்மூர் வழக்கோடு ஒப்பிட்டால், நகரத்தார் வீட்டில் பிறந்தவுடன் பிள்ளை வீட்டுப்பிள்ளைதான். ஆனால் கோவில் கணக்கில் ‘புள்ளி’ (தனிக் குடும்பமாக எண்ணப்படுபவர்) ஆவது கல்யாணத்துக்கு அப்புறம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர்கள் பிறப்பைப் பார்க்கிறார்கள், மறுப்பவர்கள் புள்ளியை. (முழுசாகப் பொருந்தாது, சரி.)

ஞானஸ்நானத்துக்கான மூலக் கிரேக்கச் சொல்லின் அடிப்படைப் பொருள் முக்குதல். ஆனாலும் ஆதிச் சபையின் கையேடான டிடாக்கே, தண்ணீர் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றச் சொல்கிறது.

முழுக்கு என்றாலே பெரியவர்களுக்குத்தான் என்பது தவறு. கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகளில் கைக்குழந்தையையே மூன்று முறை முக்குவார்கள்.