ஐந்து யாளிக்கும் ஒரே நிழல்: கண்காட்சி, போட்டி கேள்வி-பதில்

கல்லூரிக் கலைக்கூடத்தின் ஆண்டுக் கண்காட்சி அறிவிப்பு வெளியானதிலிருந்து கடிதங்களுக்குக் குறைவில்லை. பாதிக்கு மேல் விதிமுறைத் தாளிலேயே பதில் உள்ளவை. அதைப் படித்துவிட்டு எழுதினால் உங்களுக்குத் தபால் செலவு மிச்சம், எனக்கு ரத்தக் கொதிப்பு மிச்சம்.

அதிகபட்ச அளவு 2 அடிக்கு 3 அடி என்று போட்டிருக்கிறது. பிரேமோடு சேர்த்தா, பிரேம் இல்லாமலா?
(குடியாத்தம் வாசகர்)

பிரேமோடு சேர்த்து. விதிமுறைத் தாள், இரண்டாம் பக்கம்.

கடைசித் தேதிக்கு மறுநாள்தான் படத்தைக் கொண்டுவர முடியும். ஒரு நாள்தானே, வாங்கிக்கொள்ளக் கூடாதா?
(ஆற்காடு வாசகி)

ஒரு நாள்தான். அடுத்த வருஷம் வாருங்கள்.

வாட்டர் கலர் காய்ந்ததும் தாள் அப்பளமாகச் சுருண்டுவிடுகிறது. இதை அப்படியே பிரேம் போடலாமா?
(காட்பாடி மாணவி)

என்ன தாள் என்று எழுதவில்லை. சார்ட் பேப்பர் என்றே எடுத்துக்கொள்கிறேன். போட்டிக்கு அனுப்பும் வாட்டர் கலருக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தாள் வாங்குங்கள்; விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீர் தாங்கும். ஏற்கெனவே வரைந்ததைக் காப்பாற்ற, படத்தின் முதுகுப் பக்கத்தை ஈரத் துணியால் லேசாக ஒற்றி, மேலும் கீழும் மை ஒற்றும் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் இரண்டு ராத்திரி விடுங்கள். முக்கால்வாசி நிமிர்ந்துவிடும்.

பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மவுண்ட் போர்டு, அதாவது படத்தைச் சுற்றி ஓரமாக வைக்கும் தடித்த அட்டை, கட்டாயம். கண்ணாடி நேராகப் படத்தில் உட்கார்ந்தால் ஐப்பசி மழையில் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். அப்புறம், படத்தின் பின்னால் பென்சிலில் பெயர், தலைப்பு, ஊடகம், அளவு எழுதுங்கள். இதை ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இன்னும் சொல்வேன்.

மகள் ஆறாம் வகுப்பு. அவள் வரைந்த படத்தில் நான் கொஞ்சம் டச்-அப் செய்து கொடுத்தேன். தப்பா?
(ராணிப்பேட்டைத் தகப்பனார்)

தப்பு. கண்டுபிடிக்க மாட்டார்கள் என்ற நினைப்பும் தப்பு. பிள்ளை போட்ட கோடு அழுத்தி, நின்று, தடுமாறிப் போகும். திடீரென்று கன்னத்திலும் மூக்கிலும் மட்டும் பஞ்சால் தேய்த்த நிழல் வழவழவென்று வந்தால், அது அப்பா கை என்று நடுவருக்கு மூன்றடி தள்ளி நின்றே தெரியும். நீங்கள் தொடாத படத்தை அனுப்புங்கள்.

வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் யாளித் தூணை கூகுளில் கிடைத்த போட்டோ பார்த்துக் கட்டம் போட்டு அச்சு அசலாக வரைந்தேன். போன முறை முதல் சுற்றிலேயே தள்ளிவிட்டார்கள். கோயில் சிற்பம் எல்லோருக்கும் பொதுதானே?
(சத்துவாச்சாரி வாசகர்)

சிற்பம் பொதுதான். 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பிக்கு யாரும் ராயல்டி தர வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் வரைந்தது சிற்பத்தை அல்ல, ஒருவர் எடுத்த போட்டோவை. போட்டோவுக்குத் தனியாகப் பதிப்புரிமை உண்டு. எடுத்தவர் வாழ்நாள் முழுக்கவும், அவர் காலத்துக்குப் பிறகு 60 வருஷமும் நீடிக்கும். அனுமதி வாங்காமல் அதைப் பெயர்த்து வரைந்து, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டுப் போட்டிக்கு அனுப்பினால் தள்ளத்தான் செய்வார்கள்.

சட்டத்தை விடுங்கள். போன முறை வரிசையாக மாட்டிப் பார்த்தபோது ஐந்து யாளிகள் வந்திருந்தன. ஐந்துக்கும் ஒரே கோணம், ஒரே பக்கம் நிழல். போட்டோ எடுத்தவர் பின்னங்காலை எங்கே வெட்டினாரோ அதே இடத்தில் ஐந்து பேரும் வெட்டியிருந்தார்கள். மூலையில் மங்கலாக ஒரு டியூப்லைட் பட்டை. ஒருவர் அதையும் மெனக்கெட்டு வெள்ளை போஸ்டர் கலரில் தீட்டியிருந்தார். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஒவ்வொன்றும் பத்து, பதினைந்து நாள் வேலை. அத்தனையும் யாரோ ஒருவர் ஒரு நொடியில் பார்த்ததைத் திரும்பப் பார்த்த வேலை.

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், இவர்களில் யாரும் டெல்லியிலோ கொல்கத்தாவிலோ இல்லை. உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்கு டவுன் பஸ்ஸில் எவ்வளவு நேரம்? ராஜகோபுரம் தாண்டியதும் இடது கைப்பக்கம் கல்யாண மண்டபம். ஒரு நோட்டும் 4பி பென்சிலும் எடுத்துக்கொண்டு யாளித் தூணோ குதிரைத் தூணோ, ஒன்றுக்கு எதிரே உட்காருங்கள். முன்னங்காலைத் தூக்கி எழும்பும் குதிரையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் வயிறு பெரிதாகவும் தலை சின்னதாகவும் தெரியும். இந்தக் குறுக்கத்தைக் கண்ணால் பிடித்துத் தாளில் கொண்டுவருவதற்குப் பெயர்தான் வரைவது. போட்டோவில் அந்த வேலையை லென்ஸ் முடித்துவிடுகிறது; நீங்கள் கட்டம் எண்ணுகிறீர்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வெளிச்சம் நகர்ந்து, குதிரையின் காலடியில் இருக்கும் வீரனின் முகம் மறையும், வேறொன்று வெளியே வரும். எந்த நேரத்து நிழலை வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். அந்த முடிவு இருக்கும் படம், கோடு கோணலாக இருந்தாலும் முதல் சுற்றைத் தாண்டும்.

போட்டோவே கூடாதா என்று அடுத்த கடிதம் வரும். நீங்கள் எடுத்த போட்டோ என்றால் குறிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் அப்படி எழுதியும் விடுங்கள். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தையோ கட்டடத்தையோ நேரில் பார்த்து வரையச் சட்டமே இடம் கொடுக்கிறது. இணையத்தில் எடுத்த போட்டோவை நகலெடுப்பது வீட்டில் கை பழக மட்டும். பிரேம் போட வேண்டாம்.

தோல் தொழிற்சாலையில் கழிக்கும் துண்டுகளை ஒட்டி ஒரு கொலாஜ் செய்தேன். எந்தப் பிரிவில் அனுப்புவது?
(ஆம்பூர் வாசகர்)

கலப்பு ஊடகம். நல்ல யோசனை, நம் பக்கத்துப் பொருளை நம் பக்கத்து ஆட்களே எடுத்தாள்வது அபூர்வம். செருப்புக்கு ஒட்டும் ரப்பர் சொலூஷனில் ஒட்டியிருந்தால் நாளடைவில் மஞ்சளித்து விட்டுப்போகும். வெள்ளைப் பசை பாதுகாப்பு. கனம் தாங்க ப்ளைவுட் பலகையில் ஒட்டுங்கள். வாடை போக நாலு நாள் நிழலில் காற்றாட வையுங்கள், பக்கத்தில் மாட்டப்படும் படத்துக்காரரை நினைத்து.

ஒரு ஆன்லைன் போட்டி. நுழைவுக் கட்டணம் 500 ரூபாய், எல்லோருக்கும் சான்றிதழ். "அனைத்து உரிமைகளும் அமைப்பாளருக்கே" என்று விதியில் இருக்கிறது. சேரலாமா?
(வாணியம்பாடி வாசகி)

இந்த விதியைப் படித்த முதல் ஆள் நீங்களாக இருக்கலாம், பாராட்டுகள். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியத்தின் முதல் உரிமையாளர் வரைந்தவரே. சம்பளத்துக்கோ, ஒருவர் காசு கொடுத்துக் கேட்டதற்கோ வரைந்தால் கணக்கு வேறு. உரிமையை மாற்றிக் கொடுக்க நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருஷம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று கொள்ளப்படும். உரிமையை எழுதிக் கொடுத்த பிறகும் "இது நான் வரைந்தது" என்று சொல்லும் உரிமை உங்களை விட்டுப் போகாது. படத்தை விலைக்கு வாங்கியவருக்கும் படம்தான் சொந்தம், அதைக் காலண்டரில் அச்சடிக்கும் உரிமை சொந்தமல்ல.

கண்காட்சி விளம்பரத்துக்கும் கையேட்டுக்கும் படத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்பது நியாயம். நாங்களும் கேட்கிறோம். "அனைத்து உரிமைகளும்" என்பது பேராசை. எல்லோருக்கும் கொடுக்கும் சான்றிதழ் எதற்குச் சான்று? நடுவர் யார், படம் எந்தச் சுவரில் மாட்டப்படும் என்று எழுதிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் 500 ரூபாய்க்கு நல்ல தாள் வாங்குங்கள்.

அக்ரிலிக் படங்கள் நான்கு. மே மாதம் பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். பபிள் ரேப் சுற்றினால் போதுமா?
(திருப்பத்தூர் வாசகர்)

போதாது, ஆபத்தும்கூட. அக்னி நட்சத்திர வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். சூட்டில் அக்ரிலிக் இளகி, பபிள் ரேப்பின் வட்டம் வட்டமான தடம் படத்தில் பதியும். இரண்டு படங்களை முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொண்டு பிரிக்கும்போது தோல் உரியும். முதலில் பட்டர் பேப்பர், மூலைகளுக்கு அட்டை, அதற்குமேல் பபிள் ரேப். காலை முதல் வண்டியில் வாருங்கள். பஸ் மேலே போடாதீர்கள். பின்னால் பெயர் எழுதினீர்களா?

கரிகிரி மண்பாண்டப் பாணியில் செய்த ஜாடிகள் ஓவியப் போட்டிக்கு வருமா?
(லத்தேரி வாசகர்)

ஓவியத்துக்கு வராது, சிற்பம்-கைவினைப் பிரிவுக்கு வரும். அடிப்பாகம் ஆடாமல் உட்கார வேண்டும். எடையை விண்ணப்பத்தில் எழுதுங்கள்; பீடம் தேட வேண்டியவன் நான்.

மகன் பிளஸ் டூ. ஓவியம் முறையாகப் படிக்க எங்கே சேர்ப்பது?
(வாலாஜா தாயார்)

சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நான்கு வருஷப் பட்டப் படிப்பு. சென்னைக் கல்லூரி 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்தது. நேரில் பார்த்து வரைந்த ஸ்கெட்ச் நோட்டுகளை இப்போதிருந்தே சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். போட்டோ நகல் வேண்டாம், மேலே சத்துவாச்சாரிக்காரருக்குச் சொன்னதே.

பரிசு கிடைக்காத படங்களை எப்போது எடுத்துக்கொள்ளலாம்?
(வேலூர், பெயர் இல்லை)

கண்காட்சி முடிந்த மறுநாளிலிருந்து ஒரு வாரம், ரசீதோடு. அதற்குப் பிறகு கூடம் பொறுப்பேற்காது. கடிதத்திலேயே பெயர் எழுதாதவர் படத்தில் எழுதியிருப்பாரா என்று சந்தேகம். போன வருஷம் வந்த மயில் படம் ஒன்று, பச்சை பிரேம், என் மேஜைக்குப் பின்னால் கிடக்கிறது. உங்களுடையதாக இருந்தால் வந்து எடுத்துப் போங்கள்.