மூடி ஏறியும் அடுப்பு பற்றவில்லையா?
அண்ணாச்சி, அம்பாசமுத்திரத்து வீட்டில் போட்ட சாண எரிவாயுக் கலனில் வாயு சேர்ந்து மூடி ஏறுகிறது, அடுப்புதான் பற்றவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மீந்த சோறும் புளித்த மாவும் வாளி வாளியாகக் கொட்டினேன் என்கிறீர்களே, அதுதான் காரணமாக இருக்கும்: உள்ளே புளிப்பு ஏறினால், எரியும் வாயுவான மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும், அப்புறம் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, அது எங்கே எரியும்? சோற்றை உடனே நிறுத்துங்கள். ஏறியிருக்கும் வாயுவை வீட்டுக்கு வெளியே, நெருப்பு இல்லாத இடத்தில் திறந்துவிட்டு, சில நாள் கழித்துப் புதுச் சாணமும் தண்ணீரும் சரிக்குச் சரி கரைத்துக் கொஞ்சமாக ஊற்றுங்கள். வைக்கோல் தட்டுப்பட்டால் எடுத்துவிடுங்கள், மேலே ஆடை கட்டும். கலன் சரியாக ஓடினால் 20 கிலோ சாணத்துக்கு முக்கால் கனமீட்டர் வாயு, அதாவது சுமார் 300 கிராம் சிலிண்டர் கேஸுக்குச் சமம். வெளிவரும் கரைசலை வாழைக்கு விடுங்கள், அருமையான உரம்.