நெட் வருது, ஆனா டெஸ்க்டாப்புக்கு மட்டும் மத்த கம்ப்யூட்டர் தெரியல, என்ன பண்றது?

கேள்வி: வீட்டுல ரெண்டு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப், மூணுமே விண்டோஸ் 11. மூணுலயும் நெட் நல்லா வருது. லேப்டாப் ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்துக்குது, டெஸ்க்டாப்புல மட்டும் நெட்வொர்க்னு கிளிக் பண்ணா காலியா இருக்கு. ஃபார்மேட் பண்ணிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாங்க. ஃபார்மேட் பண்ணா உங்க ஒரு நாள் போகும், பிரச்சினை அப்படியே திரும்பி வந்து நிக்கவும் வாய்ப்பு இருக்கு, ஏன்னா புதுசா போட்ட விண்டோஸ் 11 முதல் தடவை சேர்ற வைஃபையை பப்ளிக்னுதான் எடுத்துக்கும், பப்ளிக்னா பக்கத்துல இருக்கறவங்களைத் தேடவும் தேடாது, தன்னைக் காட்டிக்கவும் செய்யாது.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. நெட் வருதுன்னா டெஸ்க்டாப்பும் ரவுட்டரும் பேசிக்குது, அவ்ளோதான். டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் பேசிக்குதான்னு அதை வெச்சு சொல்ல முடியாது. அதே மாதிரி லிஸ்ட்ல பேர் தெரியறது வேற, நேரா போய் ஃபோல்டரைத் திறக்க முடியறது வேற. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாத்துட்டா பாதி வேலை முடிஞ்சுது, பிரிக்காம கண்ட செட்டிங்கையும் மாத்தினாதான் ராத்திரி முழுக்க உக்காரணும்.

எப்படிப் பிரிக்கிறது? லேப்டாப்புல ஏதாவது ஒரு ஃபோல்டரை ஷேர் பண்ணி வெச்சுட்டு கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடிங்க, ஐபிவி4 அட்ரஸ்னு ஒரு வரி வரும், உதாரணத்துக்கு 192.168.1.14. டெஸ்க்டாப்புலயும் அதையே பண்ணுங்க. அங்க 192.168.1.20 மாதிரி வந்தா சரி, 192.168.0.5னு வந்தா அங்கயே நில்லுங்க, மூணாவது நம்பர் மாறுதுன்னா வீட்டு ரவுட்டர்ல பெரும்பாலும் அது வேற நெட்வொர்க்னுதான் அர்த்தம். சிக்னல் பத்தலன்னு ரெண்டாவதா ஒரு ரவுட்டர் வாங்கி டெஸ்க்டாப்பை அதுல மாட்டியிருப்பீங்க, இல்லன்னா அது விருந்தாளிங்களுக்குன்னு தனியா விடுற கெஸ்ட் வைஃபைல இருக்கும். ரெண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துங்க (தனி நெட்வொர்க் போடாம மெயின் நெட்வொர்க்கையே நீட்டிக் குடுக்கும்), கெஸ்ட்ல இருந்தா மெயின் வைஃபைக்கு வாங்க. நம்பர் ஒத்துப் போனாலும் சில கெஸ்ட் வைஃபைல ஒருத்தரை ஒருத்தர் பாக்க முடியாம தடுத்து வெச்சிருப்பாங்க, அதையும் மறந்துடாதீங்க.

நம்பர் ஒத்துப் போகுதா, இப்ப டெஸ்க்டாப்புல ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மேல இருக்குற அட்ரஸ் பார்ல \\192.168.1.14 அடிச்சு என்டர் தட்டுங்க. ஃபோல்டர் தெரிஞ்சாலோ பாஸ்வேர்டு கேட்டாலோ நிம்மதியா இருங்க, பாதை சரியா இருக்கு, லிஸ்ட்ல பேர் வராததுதான் குறை. (கேக்கறது லேப்டாப்போட அக்கவுன்ட் பாஸ்வேர்டு, நாலு டிஜிட் பின் போட்டா எடுக்காது.) பிங் (அந்தக் கம்ப்யூட்டர் பதில் சொல்லுதான்னு பாக்குற கமாண்ட்) பண்ணிப் பாத்து பதில் வரலன்னு மட்டும் முடிவு கட்டாதீங்க, பல நேரம் ஃபயர்வால் பிங்கை மட்டும் தடுத்திருக்கும்.

உங்க கேஸ்ல லேப்டாப் ரெண்டும் பாத்துக்குது, அதனால குறை டெஸ்க்டாப் பக்கம்தான். செட்டிங்ஸ்ல நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய் கனெக்ட் ஆகியிருக்குற வைஃபை இல்ல ஈதர்நெட்டோட ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து ப்ரைவேட்னு மாத்துங்க, அப்புறம் அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்ல ப்ரைவேட்டுக்குக் கீழ நெட்வொர்க் டிஸ்கவரி ஆன்ல இருக்கான்னு பாருங்க. எங்க வீட்டுல ரவுட்டர் மாத்தின அன்னிக்கு இதேதான் நடந்துச்சு, முந்தின நாள் வரை தெரிஞ்ச கம்ப்யூட்டர் காணாம போச்சு, கேபிளைக் கூட மாத்திப் பாத்தேன், கடைசில பாத்தா புது ரவுட்டரை விண்டோஸ் புது நெட்வொர்க்னு எடுத்துக்கிட்டு பப்ளிக்ல போட்டிருந்துச்சு.

அதுக்கும் சரியாகலன்னா ஸ்டார்ட் மெனுல services-னு தேடி சர்வீசஸைத் திறங்க. ஃபங்க்ஷன் டிஸ்கவரின்னு ஆரம்பிக்கிற சர்வீஸ் ரெண்டு இருக்கும். ப்ரொவைடர் ஹோஸ்ட் மத்தவங்களைத் தேடுறதுக்கு, ரிசோர்ஸ் பப்ளிகேஷன் நான் இங்க இருக்கேன்னு சொல்றதுக்கு. உங்க டெஸ்க்டாப்புக்கு முதல்ல வேணுங்கறது தேடுறது, அது ஓடலன்னா ஸ்டார்ட் பண்ணுங்க. லேப்டாப்புங்களுக்கும் டெஸ்க்டாப் தெரியலன்னா ரெண்டாவதையும் ஆட்டோமேட்டிக்ல போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க. லிஸ்ட் நிரம்ப ரெண்டு மூணு நிமிஷம் ஆகலாம், பொறுமையா இருங்க.

காலியா இருந்த எடத்துல இப்ப டெஸ்க்டாப்போட சொந்தப் பேர் மட்டும் வந்து நிக்குதுன்னா அது வேற கதை, டிஸ்கவரி ஆன் ஆயிடுச்சு, நடுவுல எதுவோ மறிக்குது. விபிஎன் ஓடுதான்னு பாருங்க, ஓடினா நிறுத்துங்க. தனியா போட்ட ஆன்டிவைரஸ்ல அதுக்குன்னு ஒரு ஃபயர்வால் இருக்கும், அதுல உங்க வீட்டு நெட்வொர்க்கை ட்ரஸ்டட்னு குறிங்க. சோதிக்கிறதுக்காக ஃபயர்வாலை ஒரு நிமிஷம் ஆஃப் பண்ணீங்கன்னா உடனே ஆன் பண்ணிடுங்க, அப்படியே விட்டுடாதீங்க.

நெட்ல தேடினா எஸ்எம்பி1 (ஃபைல் ஷேர் பண்றதுக்கான பழைய புரோட்டோகால்) ஆன் பண்ணுங்கன்னு நிறைய பேர் சொல்லுவாங்க, தயவுசெஞ்சு பண்ணாதீங்க. 2017 மே மாசம் வானாக்ரைங்கற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ்) பரவினது அந்தப் பழைய புரோட்டோகால்ல இருந்த ஓட்டை வழியாத்தான், அதே வருஷம் வந்த விண்டோஸ் 10ஓட 1709 வெர்ஷன்ல இருந்தே எஸ்எம்பி1ஐ ஒதுக்க ஆரம்பிச்சுட்டாங்க. உங்ககிட்ட இருக்கறது மூணும் விண்டோஸ் 11, இப்ப பேர் தேடுற வேலையை டபிள்யூஎஸ் டிஸ்கவரின்னு வேற ஒண்ணு பாத்துக்குது, எஸ்எம்பி1 தேவையே இல்ல. வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சேர்க்க முன்னாடி விண்டோஸ்ல இருந்த ஹோம்குரூப் பத்தி யாராவது சொன்னாலும் தேடாதீங்க, 2018லயே எடுத்துட்டாங்க.

எல்லாம் பண்ணியும் லிஸ்ட் அடம்பிடிக்குது, ஆனா \\192.168.1.14 திறக்குதுன்னா, அந்த ஃபோல்டரை மேப் நெட்வொர்க் டிரைவ் போட்டு ஒரு டிரைவ் லெட்டர் குடுத்துடுங்க, ரவுட்டர்ல அந்த லேப்டாப்புக்கு ஐபியை ரிசர்வ் பண்ணிடுங்க, நம்பர் மாறாது, அப்புறம் லிஸ்ட்டை நம்பி இருக்க வேண்டியதில்ல.